ஒலுவில் துறைமுகமும் வடக்குக் கரையும்: மணல் கணக்கில் ஒரு நிகழ்வு ஆய்வு

இலங்கையின் அம்பாறை மாவட்டத்தின் ஒலுவிலில் துறைமுகக் கட்டுமானம் 2008இல் தொடங்கியது. டென்மார்க்கின் கடனுதவியோடு கட்டி முடித்து 2013 செப்டெம்பரில் திறந்துவைத்தார்கள். கடலுக்குள் நீளும் இரண்டு அலைத்தடுப்புக் கல்லணைகள், அவற்றின் அணைப்பில் ஒரு வணிகத் துறைமுகம், பக்கத்தில் ஆழம் குறைந்த மீன்பிடித் துறைமுகம். கல்லணைகள் எழும்பிய பிறகு தெற்கே கரை அகன்றது. வடக்கே நிந்தவூர்ப் பக்கமாகக் கடல் உள்ளே வந்தது. தென்னைகள் வேரோடு சாய்ந்தன, கரைவலை இழுக்கும் பாடுகள் பறிபோயின. துறைமுக வாயிலோ மணல் அடைத்து, படகுகள் வந்துபோக முடியாத நிலை திரும்பத் திரும்ப ஏற்பட்டது.

கடலரிப்பு ஒரு முறைப்பாடு, வாய் அடைபடுவது இன்னொரு முறைப்பாடு என்று ஊரில் இவை தனித்தனியாகவே பேசப்படுகின்றன. தெற்கே சேர்ந்த மணலை யாரும் பிரச்சினையாக எண்ணுவதேயில்லை. மணல் கணக்கு எழுதினால் மூன்றும் ஒரே வரவுசெலவுக்குள் வந்துவிடும். தெற்கில் தங்கியதும் வாயில் படிந்ததும் வடக்குக்குப் போய்ச் சேராத மணல். எனவே “ஆண்டுக்கு எத்தனை மீற்றர் அரிக்கிறது” என்ற கேள்வியோடு நின்றுவிடும் ஆய்வுக்கு இந்தக் கரையில் பயன் குறைவு. எத்தனை கன மீற்றர், எங்கிருந்து எங்கே என்பதுதான் தேவைப்படும் விடை. தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இதே ஒலுவிலில் இருப்பதால், இறுதியாண்டு ஆய்வுக்கு இதைவிட அண்மையான களம் கிடைக்காது. அந்த ஆய்வை எப்படிச் செய்வது, எங்கே சறுக்கும் என்பதை விரிவாகப் பார்க்கலாம்.

கச்சானும் வாடையும்

டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வாடை. வடகீழ்ப் பருவப்பெயர்ச்சியின் அலைகள் வடகிழக்கிலிருந்து சரிந்து வந்து மோதி மணலைத் தெற்கே தள்ளும். மே முதல் செப்டெம்பர் வரை கச்சான், அதாவது தென்மேல் பருவப்பெயர்ச்சி. காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரம் அமைதியாகத் தெரியும். அந்த அமைதியைப் பார்த்து “இந்தப் பருவத்தில் மணல் அசையாது” என்று எழுதிவிடுவதுதான் முதல் சறுக்கல். அதே மாதங்களில் இந்து சமுத்திரத்தின் தெற்கிலிருந்து புறப்படும் நெடிய அலைகள், தீவின் தென்கிழக்கு மூலையைச் சுற்றி வளைந்து இந்தக் கரையை அடைகின்றன. உயரம் குறைவு, ஆனால் மாதக்கணக்கில் ஓய்வதில்லை. அவை மணலை வடக்கே நகர்த்துகின்றன. வாடையின் தள்ளல் வேகமானது, காலம் குறுகியது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் இங்கே மிஞ்சுவது வடக்கு நோக்கிய ஓட்டம். தெற்கில் குவிந்து வடக்கில் குறைந்த கரையே அதற்குச் சான்று.

சேனாநாயக்க சமுத்திரம் 1950களின் தொடக்கத்திலிருந்து கல்லோயாவின் மணலைத் தேக்கி வைத்திருக்கிறது. அரிப்புக்கு அதுதான் காரணம் என்ற வாதமும் உண்டு. கடல்மட்டம் உயர்வதைக் காரணம் காட்டுவோரும் உண்டு. இரண்டும் உண்மையான காரணிகள்தான். ஆனால் ஆற்று மணல் குறைந்தாலோ கடல்மட்டம் உயர்ந்தாலோ கல்லணையின் இரு பக்கமும் மெதுவாகத் தேய வேண்டும். ஒரு பக்கம் வளர்ந்து மறுபக்கம் தேய்வது குறுக்கே நிற்கும் தடையின் கைவேலை. காரணங்களைப் பிரித்தறிய வேறு சிக்கலான மாதிரி தேவையில்லை, தெற்குக் கரையையும் சேர்த்து அளந்தால் போதும். வடக்கை மட்டும் அளக்கும் ஆய்வுகளால் இந்த எளிய சோதனையைச் செய்ய முடிவதில்லை.

வடக்கில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. கல்லணையின் மறைவில் அலை தணிந்திருக்கும், சற்றுத் தள்ளி முழு உயரத்தில் உடையும். உயரமான அலை உடையும் இடத்தில் கரையோர நீர்மட்டம் சிறிது கூடும். ஆகவே நீர் அங்கிருந்து மறைவை நோக்கி, அதாவது தெற்கே, ஓடும். வாடையில் இது இன்னும் வலுக்கும். வடக்குக் கரையிலிருந்து பறிபோகும் மணலில் ஒரு பங்கு இப்படித் திரும்பி வந்து துறைமுக வாயில் படிகிறது. வாயை அடைப்பது தெற்கு மணல் மட்டுமே என்று வைத்துக்கொண்டால் கணக்கு ஒருபோதும் ஒப்பாகாது.

செய்மதிப் படத்தில் கரைக்கோடு

லேண்ட்சாட் படத்தில் ஒரு படப்புள்ளி 30 மீற்றர். 2015இல் ஏவப்பட்ட சென்டினல்-2இல் 10 மீற்றர். இலவசமாகக் கிடைப்பதால் பெரும்பாலான மாணவர் ஆய்வுகள் இவற்றில்தான் தொடங்குகின்றன. கரைக்கோட்டை வரைந்து, 50 மீற்றர் இடைவெளியில் குறுக்குக்கோடுகள் போட்டு, நகர்வு வீதம் எடுப்பது வழக்கமான முறை. மென்பொருள் எந்தப் படத்தைக் கொடுத்தாலும் ஒரு விடை தந்துவிடும் என்பதுதான் ஆபத்து.

முதலில் பருவம். ஜனவரிப் படத்தை ஓகஸ்ட் படத்தோடு ஒப்பிட்டால் கிடைப்பது பருவ மாற்றம், அரிப்பு அல்ல. வாடையில் முகில் மூடுவதால் ஓகஸ்ட், செப்டெம்பர் படங்களையே எல்லா ஆண்டுக்கும் எடுப்பது நல்லது. அடுத்து வற்றுப்பெருக்கு. கிழக்குக் கரையில் அது ஒரு மீற்றருக்கும் குறைவு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். கரைச் சரிவு 1:10 என்றால் அரை மீற்றர் நீர்மட்ட வேறுபாடு கரைக்கோட்டை 5 மீற்றர் நகர்த்திக் காட்டும். படப்புள்ளியில் பாதி 15, படத்தைப் பொருத்தியதில் 10, வற்றுப்பெருக்கில் 5 மீற்றர் என்று வைத்து வர்க்கித்துக் கூட்டி மூலம் எடுத்தால் ஒரு லேண்ட்சாட் கரைக்கோட்டின் ஐயம் ஏறத்தாழ 19 மீற்றர். ஐந்தாண்டு இடைவெளியில் இரண்டு படங்களை ஒப்பிட்டால் ஆண்டுக்கு 5 மீற்றருக்கு மேல் ஐயம் வரும். “ஆண்டுக்கு 3.2 மீற்றர் அரிப்பு” என்று தசமத்தில் எழுதப்படும் முடிவு இந்த ஐயத்துக்குள்ளேயே புதைந்து போய்விடும்.

ஆண்டுகளைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமி அம்பாறைக் கரையைக் குலைத்துப் போட்டது. 2005ஆம் ஆண்டுப் படத்தை ஒப்பீட்டின் தொடக்கமாக வைத்தால், கரை தானாக மீண்ட பகுதியும் துறைமுகக் கணக்கில் சேர்ந்துவிடும். சுனாமிக்கு முந்திய சில ஆண்டுகளையும் 2007 வரையான சில ஆண்டுகளையும் தனியே வைத்துப் பார்க்க வேண்டும். 2000 முதல் இன்றுவரை ஒரே நேர்கோடு பொருத்துவது மோசமான பழக்கம். தடை வருமுன் ஒரு கரை, வந்தபின் வேறு கரை. இரண்டின் சராசரிக்கு எந்தப் பொருளும் இல்லை.

கரையில் இறங்கி அளப்பது

படம் கரைக்கோட்டை மட்டுமே தரும். கன அளவுக்குக் குறுக்குவெட்டு வேண்டும். வடக்கே முதல் ஒரு கிலோமீற்றருக்கு 100 மீற்றர் இடைவெளியிலும், அதற்கப்பால் நான்கைந்து கிலோமீற்றர் வரை 250 மீற்றர் இடைவெளியிலும் கோடுகளை நிரந்தரமாகக் குறிக்கலாம். தெற்கே நான்கு கோடுகள். துறைமுகத்தின் தாக்கம் எட்டாத தொலைவில் ஒப்பீட்டுக்கு இரண்டு.

ஒவ்வொரு கோட்டுக்கும் கொங்கிரீட் அடையாளக்கல் தேவை. அதை அரிந்த கரைவிளிம்பில் நடக்கூடாது, குறைந்தது 100 மீற்றர் உள்ளே நட்டு, இன்னும் உள்ளே ஒரு மாற்றுக்கல்லும் வைக்க வேண்டும். தென்னையில் சாயம் பூசி அடையாளம் வைப்பவர்களுக்கு அடுத்த வாடைக்குப் பிறகு தென்னையும் இருக்காது, அடையாளமும் இருக்காது. நில அளவைத் திணைக்களத்தின் உயரம் தெரிந்த மட்டக்குறியிலிருந்து லெவல் கருவியால் உயரம் கொண்டுவந்து, திரும்பவும் அங்கேயே போய் முடித்து, பிழை 12 மி.மீ. × (கிலோமீற்றரில் எடுத்த தூரத்தின் வர்க்கமூலம்) என்ற எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். அரிந்த விளிம்பின் அருகே வேலை செய்யும்போது ஓர் எச்சரிக்கை: ஈர மணல் ஒன்றரை மீற்றர் செங்குத்தாக நிற்கும், வெயிலில் காய்ந்தால் அறிவிப்பின்றி இடியும். ஸ்டாஃப் (மட்ட அளவுகோல்) பிடிப்பவர் விளிம்பின் அடியில் நிற்கக்கூடாது.

நீர் வற்றிய நேரத்தில் நடந்து இறங்கினால் ஒரு மீற்றர் ஆழம் வரை எட்டலாம். அதற்கப்பால் தோணியும், ஒலியால் ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டரும். இரண்டுக்கும் இடையே, அலை உடையும் பகுதியில், நடந்தும் எட்டாத தோணியும் வரமுடியாத ஒரு துண்டு விடுபட்டுப் போகும். மணல்வரம்பு நிற்பதோ சரியாக அங்கேதான். அதை நேர்கோட்டால் இணைத்து மறைக்காமல், கடல் ஓய்ந்த காலையில் நீண்ட கம்பில் கட்டிய ஜி.பி.எஸ். கருவியோடு ஒருவர் கயிற்றுப் பாதுகாப்பில் இறங்கி, முடிந்தவரை நிரப்ப வேண்டும்.

எக்கோ சவுண்டரில் ஒலிவேகம் நொடிக்கு 1500 மீற்றர் என்று முன்கூட்டியே பதிந்திருக்கும். நம் கடலின் வெதுவெதுப்பான நீரில் அது 1540க்கு அருகில். வேறுபாடு 2.7 வீதம்தான். 4 முதல் 6 மீற்றர் வரையான ஆழத்தில் சராசரியாக 13 செ.மீ. பிழை வரும், 200 மீற்றர் அகலத்துக்கு அது கரையின் ஒவ்வொரு மீற்றர் நீளத்துக்கும் ஏறத்தாழ 27 கன மீற்றர். இரண்டு அளவீட்டிலும் ஒரே பிழை இருந்தால் பெரும்பாலும் கழிந்துவிடும். ஒரு குழு திருத்தி, மறு குழு திருத்தாமல் விட்டால் இல்லாத அரிப்பு ஒன்று அறிக்கையில் முளைக்கும். ஒவ்வொரு நாளும் தொடங்குமுன் 2 மீற்றரிலும் 4 மீற்றரிலும் தட்டு ஒன்றைக் கயிற்றில் இறக்கி வாசிப்பைச் சரிபார்ப்பது பத்து நிமிட வேலை.

பல்கலைக்கழக ஆய்வுகளின் தனிப்பெரும் குறை கால அட்டவணை. ஒரே அரையாண்டில் அளந்து முடித்தால் ஒரே பருவம்தான் அகப்படும். குறைந்தது வாடைக்கு முன் நவம்பரில், வாடை முடிந்து மார்ச்சில், கச்சான் முடிந்து செப்டெம்பரில் என மூன்று அளவீடுகள் வேண்டும். ஒரு தொகுதி மாணவரால் இது முடியாது. அதே கற்கள், அதே கோடுகள், அதே பதிவுத்தாள் என்று தொகுதிக்குத் தொகுதி கைமாற்றிக் கொடுத்தால் நான்காண்டில் நாட்டில் அரிதான தரவு ஒன்று சேர்ந்துவிடும். ஆண்டுதோறும் புதுத் தலைப்புக் கேட்கும் பழக்கம்தான் இதற்குத் தடை.

மணல் மாதிரியில் சிறிது. ஒவ்வொரு கோட்டிலும் கரைமேடு, அலை ஏறியிறங்கும் பகுதியின் நடு, ஒரு மீற்றர் ஆழம் ஆகிய மூன்று இடங்களில் மேல் 10 செ.மீ. தடிப்பை எடுக்க வேண்டும். உப்புப் போக மூன்று முறை நன்னீரில் கழுவி, 105 பாகை செல்சியசில் உலர்த்தி, 2 மி.மீ. முதல் 0.075 மி.மீ. வரை சலிப்பது வழமை. கழுவாமல் சலித்தால் உப்பு மணிகளை ஒட்டிவைத்து மணல் பருமனாகக் காட்டும். அரிக்கும் கரையில் இலேசான மணல் போய்க் கறுப்பும் செம்மையுமான பாரமான மணல் மேலே தங்கும். அங்கே தன்னீர்ப்பை (நீரோடு ஒப்பிட்ட அடர்த்தியை) 2.65 என்று எடுத்துக்கொள்ளாமல் பிக்னோமீற்றர் குப்பியில் அளப்பதே சரி.

மீற்றரைக் கன மீற்றராக்குவது

கரை ஒரு மீற்றர் பின்வாங்கும்போது மேலே தெரியும் மணல் மட்டும் போவதில்லை. அலை மணலை அசைப்பது நின்றுபோகும் ஆழம் வரை முழு வெட்டுமுகமும் பின்வாங்குகிறது. அந்த ஆழத்துக்கு ஹாலர்மையரின் சூத்திரம் உண்டு: ஆண்டில் 12 மணி நேரம் மட்டும் மிஞ்சப்படும் அலை உயரத்தின் 2.28 மடங்கிலிருந்து, அந்த உயரத்தின் வர்க்கத்தைப் புவியீர்ப்பாலும் அலைக்காலத்தின் வர்க்கத்தாலும் வகுத்து 68.5ஆல் பெருக்கியதைக் கழிக்க வேண்டும். உதாரணத்துக்கு 3 மீற்றர் உயரம், 8 நொடி என்றால் 5.9 மீற்றர் வரும். கரைமேட்டின் 1.5 மீற்றரையும் சேர்த்து ஏறத்தாழ 7.5 மீற்றர். ஒரு கிலோமீற்றர் நீளக் கரை ஒரு மீற்றர் பின்வாங்கினால் 7,500 கன மீற்றர் மணல் போயிருக்கிறது. நம் ஊர்க் கணக்கில் ஏறத்தாழ 2,650 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி), மூன்று கியூப் டிப்பரில் 880 லோட்டுக்கு மேல். சில லோட் மண் கொட்டிக் கரையைக் காப்பாற்றிவிடலாம் என்ற எண்ணத்தின் அளவு இதில் தெரிந்துவிடும்.

மணல் ஓட்டத்தை அலையிலிருந்து கணிக்க ‘சேர்க்’ (CERC) சூத்திரம் பழக்கத்தில் உள்ளது. ஓட்டம், உடையும் அலை உயரத்தின் இரண்டரை அடுக்கோடும், அலை கரையோடு கொள்ளும் சரிவுக் கோணத்தின் இருமடங்கின் சைனோடும் பெருகும். வழக்கமான மாறிலிகளுக்கு (குணகம் 0.39, வெற்றிடப் பங்கு 0.4) முன்னே வரும் எண் 0.091, விடை நொடிக்குக் கன மீற்றரில்.

இந்தச் சூத்திரத்தை நம்புமுன் அது எப்படி ஆடுகிறது என்று பார்க்க வேண்டும். கீழே வருபவை ஒலுவிலின் அளவீடுகள் அல்ல, கணக்கைச் சோதிக்க எடுத்த எண்கள். தெற்கு அலை 1 மீற்றர் உயரத்தில் 3 பாகைக் கோணத்தில் 210 நாள் வந்தால் வடக்கே 1,72,000 கன மீற்றர். வாடை அலை 1.2 மீற்றர் உயரத்தில் எதிர்ப்பக்கம் 4 பாகையில் 90 நாள் வந்தால் தெற்கே 1,55,000. நிகரம் வடக்கே 17,000. இப்போது தெற்கு அலையின் கோணத்தை 3க்குப் பதில் 4 பாகை என்று மாற்றினால், நிகரம் 74,000 ஆகிறது. ஒரே ஒரு பாகையில் நான்கு மடங்குக்கு மேல்! கடற்கரையின் திசையையே ஒரு பாகைத் துல்லியத்தில் வரைபடத்திலிருந்து எடுப்பது கடினம். ஆகவே இணையத்தில் கிடைக்கும் ஆழ்கடல் அலைத் தரவைப் போட்டு வரும் நிகர எண்ணை அறிக்கையின் முடிவாக வைக்கக்கூடாது. தெற்கே ஆண்டுதோறும் சேர்ந்த கன அளவையும் வாயில் தூர்வாரிய கன அளவையும் கூட்டி, அதோடு சூத்திரத்தைப் பொருத்துவதே சரியான வரிசை. கல்லணைதான் இந்தக் கரையின் மிக நல்ல அளவுகருவி.

அந்தக் கருவிக்கும் ஓர் எல்லை உண்டு. தடையையொட்டிக் கரைக்கோடு முன்னேறும் தூரம் காலத்தின் வர்க்கமூலத்தோடு வளரும். முதலாண்டில் எட்டிய முன்னேற்றத்தை இருமடங்காக்க நான்கு ஆண்டாகும். தெற்குக் கரை வளர்வது நின்றுவிட்டதென்றால் “நிலைப்பட்டுவிட்டது” என்று எழுதுகிறார்கள். நடப்பது வேறு: மணல் கல்லணையின் நுனியைச் சுற்றத் தொடங்கியிருக்கிறது, இனி வரும் மணல் நேரே வாயில் இறங்கும். ஆரம்ப ஆண்டுகளின் தூர்வாரும் அளவை வைத்துப் பிற்கால வரவுசெலவைத் திட்டமிட்டால் போதாமல் போவது இதனால்தான்.

கல் போட்டால் என்ன, மணலை மாற்றினால் என்ன

வடக்குக் கரையில் கருங்கல் போடுவது உடனடிக் கோரிக்கை. வீடும் வீதியும் விழப்போகும் இடத்தில் அதைத் தவிர வழியில்லை. கல்லின் நிறைக்கு ஹட்சன் சூத்திரத்தில் கன மீற்றருக்கு 2,650 கிலோ அடர்த்தியுள்ள கருங்கல், சரிவு 1:2, நிலைப்புக் குணகம் 2 என்று போட்டால், 1.5 மீற்றர் அலைக்கு 560 கிலோ, 2 மீற்றர் அலைக்கு 1,330 கிலோ வரும். உயரம் அரை மீற்றர் கூடினால் கல்லின் நிறை இருமடங்குக்கு மேல் பெருகுகிறது. கடல் அரித்து முன்னே ஆழம் கூடக்கூட, உடையாமல் வந்து சேரும் அலையும் உயரும். இன்று போதுமான கல் சில ஆண்டில் போதாமல் போகும். கீழே வடிகட்டித் துணியும் சிறுகல் அடுக்கும் இல்லாமல் நேரே மணலில் இறக்கிய கல், இடுக்குகள் வழியே மணல் உறிஞ்சப்பட்டுத் தாழும். அடிப்பாதம் குறைந்தது அலை உயரத்தளவு ஆழம் பறித்து இறக்கப்படாவிட்டால் முன்வரிசை உருண்டு, மேல்வரிசை அதைத் தொடரும். எல்லாம் சரியாகச் செய்தாலும், கல் முடியும் இடத்தின் வடக்கே அரிப்பு புதிதாகத் தொடங்கும். கல் ஒரு பிடி மணலையும் உண்டாக்குவதில்லை.

வாயில் தூர்வாரிய மணலை வடக்கே கொட்டுவதுதான் கணக்கை ஒப்பாக்கும். அதைக் கரையில் குவித்து வைத்தாலோ கட்டட வேலைக்குக் கொடுத்தாலோ, கடலரிப்பை நாமே விலைகொடுத்து வாங்குகிறோம். கொட்டுமுன் சலித்துப் பார்க்க வேண்டும். வாயின் மணல்வரம்பு பொதுவாகச் சுத்தமான மணல், உள்ளே அமைதியான தடாகத்தின் அடியில் படிவது சேறு. 0.075 மி.மீ. சல்லடையில் இறங்கும் பங்கு கூடியதைக் கரைக்குக் கொண்டுபோகக்கூடாது, அது தங்காது. வடக்கு மணலைவிட நுண்ணிய மணல் என்றால், அதே கரையை நிரப்பக் கூடுதல் அளவு தேவைப்படும். தூர்வாருமுன்னும் பின்னும், அதன்பின் மாதமொரு முறையும் வாயை எக்கோ சவுண்டரால் அளந்தால் நிரம்பும் வேகம் கிடைக்கும். ஒப்பந்த அளவை அந்த வேகத்திலிருந்து எடுக்க வேண்டும்.

அனுமதிகளை முன்கூட்டியே கேட்பது நல்லது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி கரைவலயம் உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர், தாழ்நீர்க் கோட்டிலிருந்து கடற்பக்கம் 2 கிலோமீற்றர். கல் போடுவதோ மணல் கொட்டுவதோ அதற்குள் வரும். துறைமுக எல்லைக்குள் அளக்கத் துறைமுக நிருவாகத்திடம் தனியே கேட்க வேண்டும்.

மிச்சம் இரண்டு கேள்விகள்: எங்கே கொட்டுவது, எப்போது கொட்டுவது. கல்லணையின் மறைவை நோக்கிய ஓட்டம் திசைமாறும் இடத்தைத் தோடம்பழத்தால் கண்டுபிடிக்கலாம். அது நீரில் அமிழ்ந்து மிதப்பதால் காற்றுக்கு அகப்படாது. 100 மீற்றருக்கு ஓரிடத்தில் அலை உடையும் பகுதிக்குள் எறிந்து, கரையோடு 30 மீற்றர் நகர எடுக்கும் நேரத்தையும் திசையையும் குறித்துக்கொண்டு வடக்கே நகர்ந்தால், தெற்கே போன பழம் வடக்கே போகத் தொடங்கும் இடம் தெரியவரும். வாடையிலும் கச்சானிலும் தனித்தனியே பார்க்க வேண்டும், கச்சானில் அது துறைமுகத்துக்குக் கிட்ட இருக்கும். தூர்வாரிய மணலைக் கொட்டும் குழாயின் வாய் அந்த இடத்துக்கு வடக்கே இருக்க வேண்டும். தெற்கே இருந்தால் கொட்டிய மணல் திரும்பி வாயில் படிந்து, அதே மணலை இரண்டாம் முறை காசு கொடுத்துத் தூர்வார நேரும். காலம், வாடைக் கடல் ஓய்ந்த மார்ச் முதல் மே வரை. பின்வரும் கச்சான் மாதங்கள் மணலை நிந்தவூர்ப் பக்கம் கொண்டுபோகும். ஒப்பந்தத் தாமதத்தால் ஒக்டோபரில் கொட்ட நேர்ந்தால், குழாயை இன்னும் வடக்கே நீட்டச் செலவழிப்பதோ அடுத்த மார்ச் வரை பொறுப்பதோ எது மலிவு என்று அப்போது கணக்குப் பார்க்க வேண்டும். மணலைக் குவித்து வைத்துவிட்டுக் கலைந்துபோவது அந்த இரண்டையும்விடச் செலவு கூடியது.